படம் வரைவதற்கு முன் பெட்டியைத் தேடுங்கள்

பதினெட்டுக் கலைஞர்கள் சேர்ந்து ஒரு கூட்டுக் கலைப்பெட்டி செய்வது என்று முடிவானது. கோபியில் நாலு பேர், அந்தியூரில் இரண்டு, மீதிப் பேர் பவானி, ஈரோடு, பெருந்துறை. எடுத்துக்கொண்ட பொருள் கிணறு. ஆளுக்கு ஒரு படைப்பு, அதில் 20 பிரதி. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டால் பதினெட்டுப் பேரின் வேலையும் அடங்கிய 20 பெட்டி கிடைக்கும். ஆளுக்கு ஒன்று போக இரண்டு மிச்சம்.

வேலைகள் வந்து சேர்ந்தன. ஒருவர் ஏ3 தாளில் மரச்செதுக்கு அச்சு கொடுத்தார். ஒருவர் ஒரு முழத் துணியில் தையல் வேலை செய்திருந்தார். இன்னொருவர் களிமண்ணில் கட்டைவிரல் உயரத்துக்கு, மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலைச் சால் செய்து, சுட்டு, செய்தித்தாளில் பொதிந்து கொண்டுவந்தார். எல்லாம் அழகுதான். எதில் போடுவது என்று அதுவரை யாரும் யோசிக்கவே இல்லை. கடைசி நேரத்தில் மொத்தக் கடைக்கு ஓடி அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸ் வாங்கிவந்தோம். ஏ3 அச்சை எட்டாக மடித்தோம். செய்தவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தெம்பில்லை. கவலைச் சால் இருபதில் ஏழு உடைந்தது.

இரண்டாவது முறை பெட்டியிலிருந்து தொடங்கினோம். புதிதாகக் கூட்டுக் கலைப்பெட்டி செய்யக் கிளம்புகிறவர்கள் எங்கள் முதல் வருடத்தைத் தாண்டிப் போய்விடட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இப்படிச் செய்வது ஒன்றும் புதிதில்லை. 1960-களில் ஃப்ளக்சஸ் என்ற கலைஞர் குழுவுக்காக ஜார்ஜ் மாசியூனஸ் நியூயார்க்கில் பலருடைய சின்னச் சின்ன வேலைகளைச் சேர்த்துச் சாதாரண பிளாஸ்டிக் டப்பாவிலும் கைப்பெட்டியிலும் போட்டுக் கொடுத்தார். மலிவாக இருக்கவேண்டும், பலர் கைக்குப் போகவேண்டும் என்பதுதான் எண்ணம். அவருக்கு அவர் ஊரில் மலிந்து கிடந்தது பிளாஸ்டிக் டப்பா. நம் ஊரில் மலிந்து கிடப்பது வேறு.

முதலில் எண்ணிக்கை

எத்தனை பேர் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஆள் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டினால் பிரதி எண்ணிக்கை. அந்த இரண்டில் ஒன்று யாரும் கை வைக்காமல் பாதுகாக்க, இன்னொன்று வருகிறவர் போகிறவருக்குத் திறந்து காட்ட. பிரதி எண்ணிக்கையோடு பத்தில் ஒரு பங்கு கூட்டினால் வாங்கவேண்டிய டப்பா எண்ணிக்கை. 18 பேர் என்றால் 20 பிரதி, 22 டப்பா. இரண்டு டப்பா கட்டாயம் வீணாகும். ஒன்று வெட்டிப் பார்ப்பதில் போகும், ஒன்று யாராவது மேலே உட்கார்ந்து நசுங்கும்.

இந்த 22 என்ற எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தால் பழைய சினிமாப் படச்சுருள் டின் ஒன்று கண்ணில் படும். வட்டமாக, கனமாக, பார்த்ததும் ஆசை வரும். ஆனால் ஒன்றுதான் கிடைக்கும், மிஞ்சினால் மூன்று. 22 கிடைக்காத எதையும் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். நான் வைத்துவிட்டு வரவில்லை. அந்த டின்னில் இப்போது வீட்டில் பொத்தான் கிடக்கிறது.

செலவுக்கும் ஒரு வரம்பு வேண்டும். எங்கள் குழுவில் ஒரு டப்பாவுக்கு 20 ரூபாய்க்கு மேல் இல்லை என்று வைத்துக்கொண்டோம். வரம்பு இருந்தால்தான் கண் கடையை விட்டு இறங்கித் தெருவில் தேடும்.

உங்கள் ஊரில் எது மிச்சமாகிறது?

கொங்கு நாட்டில் இது ஒரு பெரிய வசதி. ஊருக்கு ஒரு தொழில், தொழிலுக்கு ஒரு மிச்சம். ஸ்டேஷனரி கடைக்குப் போகும் முன் உங்கள் ஊர்த் தொழிலில் என்ன காலியாகிறது என்று பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது நூல் கோன். நூற்பாலையில் நூலைச் சுற்றுகிற அட்டைக் கூம்பு. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குப் பாவு தயாராகும் சைசிங்குகளில் நூல் தீர்ந்த காலிக் கோன் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். நூல் ரகம் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்று கோனின் நுனிக்கோ உடம்புக்கோ வேறு வேறு நிறம் கொடுத்திருப்பார்கள். ஆகவே அச்சடிக்காமலே வண்ணப் பெட்டி. நான் போய்க் கேட்டபோது அங்கிருந்த மேஸ்திரி, "எத்தன மூட்டைங்க வேணும்?" என்றார். "இருபத்தஞ்சு கோன் போதுங்கண்ணா" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "ஏனுங்க, இதுல என்ன பொரி போட்டு விக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, தானே மூட்டையைக் கவிழ்த்து, ஒரே பச்சை நுனியாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார்.

கோனை அருகில் வைத்துப் பார்ப்போம். உயரம் சுமார் 17 சென்டிமீட்டர். கூம்பு என்பதால் நுனிவாயைவிட அடிவாய் அகலம். உள்ளே போகிற சுருளின் தடிமனை நுனிவாயை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும், அடிவாயைப் பார்த்து ஏமாறக் கூடாது. 100 ஜிஎஸ்எம் தாளில் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம்) ஏ5 அளவில் 18 தாளைச் சேர்த்துச் சுருட்டினால், எவ்வளவு இறுக்கினாலும் இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாது. கை தளர்ந்தால் மூன்று. அதில் பாதியான ஏ6 என்றால் இரண்டுக்குள் அடங்கி, தாராளமாக உள்ளே போகும். 300 ஜிஎஸ்எம் அட்டையைச் சுருட்டவே வேண்டாம், கீறல் விட்டுவிடும்.

அடுத்த சிக்கல், உள்ளே போன சுருள் வெளியே வராது. தாள் தன் போக்கில் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். விரலை விட்டு நோண்டினால் ஓரம் கசங்கும். இதற்கு வழி, சுருட்டும்போதே நடுவில் ஒரு நூலை வைத்துச் சுற்றி, வாலை வெளியே விட்டுவிடுவது. வாலைப் பிடித்து இழுத்தால் கட்டு மொத்தமும் வழுக்கிக்கொண்டு வரும். நூலுக்கு எங்கும் போக வேண்டாம், பெரும்பாலான கோனில் கடைசி நாலு சுற்று ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

வாயை மூட திருப்பூர் பனியன் கட்டிங் துணி. நுனிவாய், அடிவாய் இரண்டிலும் ஒரு துண்டை இழுத்துப் போர்த்தி, ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டுவதைப்போல நூலால் கட்டினால் போதும். பின்னல் துணி இழுவை கொடுப்பதால் சுருக்கமில்லாமல் விறைப்பாக நிற்கும். நெய்த துணியில் இது வராது, கொசுவம் கொசுவமாக நிற்கும். கட்டிங் துணியும் கிலோக் கணக்கில் கிடைப்பது. ஒரு கிலோ வாங்கினால் இப்படிப் பத்துத் திட்டத்துக்கு வரும்.

சுருட்ட முடியாத சின்னப் பொருட்கள் என்றால் நாமக்கல் முட்டை அட்டை. காகிதக் கூழில் செய்த, 30 குழி உள்ள அட்டை. ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்த்தால் அடைத்த பெட்டி, உள்ளே முப்பது அறை. பதினெட்டுப் பேர் போக மீதி 12 குழியை என்ன செய்வது என்பது நல்ல கேள்வி. காலியாகவே விடலாம், திறப்பவர் தன் பங்குக்கு எதையாவது வைத்துக்கொள்ளட்டும். ஒரு நிபந்தனை, புது அட்டையாக வாங்குங்கள். மளிகைக் கடையில் இலவசமாகக் கிடைக்கும் பழைய அட்டையில் எச்சமும் உடைந்த முட்டையும் ஒட்டியிருக்கும். நோய்க்கிருமி ஒரு பக்கம், நாற்றம் ஒரு பக்கம், கரப்பான் இன்னொரு பக்கம்.

காங்கேயம் பக்கம் கொப்பரைக் களங்களில் கொட்டாங்குச்சி மலையாகக் குவிந்திருக்கும். பெரும்பாலும் கரி சுடுவதற்குப் போகும். அழகான கிண்ணம். ஆனால் குவியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அள்ளாதீர்கள், எந்தப் பாதியும் எந்தப் பாதியோடும் பொருந்தாது. ஒரே காயின் இரண்டு பாதிதான் ஒன்றாக வாய் சேரும். ஆகவே காய் உடைக்கும்போதே பக்கத்தில் நின்று, உடைத்த கையோடு இரண்டு பாதியையும் கயிற்றால் கட்டி எண் போட்டுவிட வேண்டும். பருப்பு சுருங்கிக் கழன்ற பிறகு உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு வாரம் வெயிலில் போட வேண்டும். இல்லையென்றால் எண்ணெய் கசிந்து தாளில் கண்ணாடிபோலக் கறை விழும், அதைத் தேடி எறும்பும் வரும். உழைப்பு அதிகம். முதல் பெட்டிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சென்னிமலை, கரூர்ப் பக்கம் போர்வையும் படுக்கை விரிப்பும் வருகிற ஜிப் கவரை எல்லார் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். மொத்தமாகவும் கிடைக்கும். உள்ளே இருப்பது வெளியே தெரியும், மழை புகாது, ஏ4 வரை மடிக்காமல் போகும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கவர் பிவிசி என்ற பிளாஸ்டிக்காக இருந்தால், ஜெராக்ஸ் எடுத்த பக்கம் நாளடைவில் அதில் ஒட்டிக்கொள்ளும். உரித்தால் எழுத்து கவரோடு வந்துவிடும். புது ரெயின்கோட் வாசனை வந்து, தொட்டால் மெத்தென்று பிசுபிசுத்தால் அது பிவிசி என்று எடுத்துக்கொள்ளலாம். வேறு கவர் கிடைக்கவில்லையா? முன்னும் பின்னும் ஒரு வெற்றுத்தாளைக் காவலுக்கு வையுங்கள்.

ஈரோட்டுக்காரர்களுக்கு மஞ்சள் மூட்டைச் சாக்கு. நிறமும் வாசனையும் ஊரையே கொண்டுவந்து நிறுத்தும். ஆனால் மஞ்சள் தொட்ட தாளில் எல்லாம் ஏறும். அந்த மஞ்சளே வெயிலில் வைத்தால் வெளுத்தும் போகும். கறை படிவதையே படைப்பாக நினைத்துச் செய்தால் சரி, மற்றபடி உள்ளே ஒரு மெழுகுத்தாள் உறை போட்டுத்தான் ஆக வேண்டும்.

எல்லாம் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்ற விதியை மீறத் தோன்றினால் தாம்பூலப் பை இருக்கிறது. நம் பக்கத்தில் ஒரு முகூர்த்த மாதம் முடிந்தால் வீட்டுக்கு இருபது பை சேர்ந்துவிடும். தேங்காயும் வெற்றிலையும் வந்த பைதான். மணமக்கள் பெயர், மண்டபம், தேதி என்று பைக்குப் பை வேறு. மாறுபடுவதே அதன் அழகு. பெயரும் போன் நம்பரும் யாரோ ஒருவருடையது என்பதால் பையை உள்வெளியாகத் திருப்பிவிடுங்கள். திருப்பிய பையில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல மங்கலாகத் தெரியும், அது இன்னும் நன்றாக இருக்கும்.

தொடக்கூடாதவை சில உண்டு. பூச்சிமருந்து டப்பா, சாயப்பட்டறை கேன், மருத்துவமனைக் கழிவில் வருகிற எதுவும். களைக்கொல்லி டப்பாவை எத்தனை தடவை கழுவினாலும் குழந்தை கையில் கொடுக்க முடியாது. உருவம் நன்றாக இருக்கிறதே என்று ஒருவர் எங்கள் குழுவில் வாதாடினார். தோற்றார்.

கேட்பதும் கொடுப்பதும்

போனில் கேட்காதீர்கள். 22 காலிக் கோன் வேண்டும் என்று போனில் சொன்னால் யாருக்கும் புரியாது. நேரில் போங்கள், முன்பு செய்த பெட்டி ஏதாவது இருந்தால் கையில் எடுத்துப் போங்கள். வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில் போய் நிற்காமல், டீ நேரத்தில் போனால் முகம் கொடுத்துப் பேசுவார்கள். காசு வேண்டாம் என்பார்கள். வற்புறுத்திக் கொடுத்துவிடுங்கள். நமக்குக் குப்பையாகத் தெரிவது பெரும்பாலும் அவர்களுக்கு எடைக்குப் போடுகிற சரக்கு. மேஸ்திரிக்கு நாங்கள் முடிந்த பெட்டி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் அதைத் திறக்கவே இல்லை, வாயில் கட்டிய துணியைத்தான் தடவித் தடவிப் பார்த்தார்.

ஒன்றை வைத்துச் சோதனை

22-ஐயும் வாங்கும் முன் ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மூக்கில் வைத்துப் பாருங்கள். வாடை இருந்தால் தாளுக்கும் ஏறும். ஒரு வெள்ளைத் தாளை உள்ளே போட்டு, ஈரமான குளியலறை ஜன்னலில் ஒரு வாரம் வையுங்கள். ஐப்பசி மழைக்கு அது என்ன செய்யும் என்பது தெரிந்துவிடும். பனை ஓலைப் பெட்டியும் பாக்கு மட்டையும் இந்தச் சோதனையில்தான் பூஞ்சை பிடித்துத் தோற்கின்றன. வெயில் காலத் திட்டத்துக்கு இரண்டும் அருமை.

அப்புறம் குலுக்கல். எடைக்குச் சமமாக ஏதாவது போட்டு மூடி, ஸ்கூட்டர் பெட்டியில் வைத்து நாலு வேகத்தடை தாண்டி வாருங்கள். கடைசியாக, எதுவும் சொல்லாமல் வீட்டில் வயதானவர் ஒருவரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். என் மாமியார் கோனைத் திறக்காமல் குலுக்கிக் காதில் வைத்துப் பார்த்தார். அதிலிருந்து நூல் வாலில் ஒரு சிவப்புத் துணித் துணுக்கு முடிகிறோம்.

அளவைச் சொல்லி அனுப்புங்கள்

டப்பா முடிவான பிறகுதான் கலைஞர்களுக்குச் செய்தி போகவேண்டும். "ஏதாவது சின்னதாகச் செய்யுங்கள்" என்றால் ஆளுக்கு ஒரு சின்னது. நாங்கள் அனுப்பியது ஏறக்குறைய இப்படி: தாள் என்றால் ஏ6, 120 ஜிஎஸ்எம்முக்கு மேல் வேண்டாம். துணி என்றால் சுருட்டிய பிறகு சுண்டுவிரல் தடிமன். கெட்டிப் பொருள் வேண்டாம். பிரதி 20, கூடவோ குறையவோ கூடாது. பின்பக்கம் பெயரும் எண்ணும் பென்சிலில்.

தட்டையான பெட்டி என்றால் தடிமனைக் கூட்டிப் பார்த்துவிடுங்கள். சாதாரண ஜெராக்ஸ் தாள் 500 சேர்ந்தால் 5 சென்டிமீட்டர், அதாவது பத்துத் தாளுக்கு ஒரு மில்லிமீட்டர். 300 ஜிஎஸ்எம் அட்டை அதைப்போலக் குறைந்தது மூன்றரை மடங்கு. மடித்த தாள் இரட்டிப்பு மட்டுமல்ல, மடிப்பு உப்பிக்கொண்டு நிற்கும். நான்கு பக்கமும் விரல் நுழைய இடம் விடாவிட்டால் கவிழ்த்துத் தட்டித்தான் எடுக்கவேண்டி வரும். பழுப்பு அட்டைப்பெட்டி என்றால் உள்ளே ஒரு வெள்ளைத்தாள் உறை வையுங்கள். மட்டமான அட்டையோடு வருடக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும் தாளுக்கும் பழுப்பு ஏறும்.

கடைசித் தேதியை உண்மையான தேதிக்குப் பத்து நாள் முன்னால் சொல்லுங்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

அடுக்கும் நாள்

கல்யாணப் பந்தி பரிமாறுவது போலத்தான். நீளமான மேசையில் பதினெட்டுக் குவியல், ஒவ்வொருவராக ஒரு சுற்று நடந்து குவியலுக்கு ஒன்று எடுத்து வரவேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு பெட்டி. கடைசியில் எல்லாக் குவியலும் ஒரே நேரத்தில் தீரவேண்டும். ஒன்றில் மட்டும் மிச்சம் இருந்தால் ஏதோ ஒரு பெட்டியில் அது விழவில்லை என்று பொருள். அதனால் எண்ணி முடிக்கும் வரை வேடு கட்ட வேண்டாம். கை கழுவிவிட்டு உட்காருங்கள், பஜ்ஜி பிறகு.

அனுப்பி வைப்பது

முட்டை அட்டைப் பெட்டி 300 கிராம் கூட இருக்காது. ஆனால் பல கூரியர்களில் இடத்துக்கும் எடை போடுவார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கம். 30, 30, 10 என்றால் 9000, வகுத்தால் 1.8 கிலோ. பஞ்சு எடைப் பெட்டிக்கு இரண்டு கிலோ காசு. கோன் அப்படி இல்லை, இடம் அடைக்காது. ஆனால் கூம்பு தனியாகப் போனால் உருண்டு நசுங்கும். இரண்டு கோனைத் தலைமாற்றிப் படுக்கவைத்தால் ஒன்றின் அகலம் மற்றதன் குறுகலில் பொருந்தி, நல்ல செவ்வகக் கட்டாக வரும். ஒரே ஊருக்குப் போகிறவற்றை இப்படி ஜோடி கட்டி அனுப்புங்கள். அந்தியூருக்கு இரண்டு பேர் என்று முதலில் சொன்னேன் அல்லவா, அவர்கள் இருவருக்கும் ஒரே பார்சல்தான் போனது. யார் வீட்டுக்கு முதலில் போவது என்று அவர்களுக்குள் பேசி முடிக்க மட்டும் மூன்று நாள் ஆனது.